பழையபடி என்றால் எந்தப் பழையபடி?

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். டர்போ வண்டிக்குக் கம்பெனி கொடுத்த ப்ளோ-ஆஃப் வால்வே போதுமா, வெளியில் வாங்கி மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான வண்டிக்குக் கம்பெனி வால்வே போதும். பதில் முடிந்தது. ஆனால் இந்தப் பதில் சரியாக இருந்தும் நான் ஒருமுறை பெரிய தப்புச் செய்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு வருடத்தில் அதைத்தான் அதிகம் நினைத்திருக்கிறேன், அதனால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்களில் இரண்டு பேர் பட்டறைக்குப் புதிது என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காகக் கொஞ்சம். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாமான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தன் வாசலைச் சாத்திக்கொள்ளும். வழியில் வந்துகொண்டிருக்கும் காற்று எங்கே போகும்? அது போக ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுதான் இந்த வால்வு. கம்பெனி வால்வு காற்றை மறுபடி குழாய்க்குள்ளேயே திருப்பி விடும், வெளியே ஒன்றும் கேட்காது. வெளி வால்வு அதைத் தெருவில் விடும். ‘ப்ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஆசைப்படுகிறார்கள்.

சில வண்டிகளில் உள்ளே வரும் காற்றை நுழைவாயிலிலேயே அளந்து, அந்த அளவுக்குப் பெட்ரோல் கொடுப்பார்கள். அளந்த காற்றை நடுவழியில் தெருவில் விட்டுவிட்டால் பெட்ரோல் மட்டும் அதிகமாகப் போய்ச் சேரும். வண்டி திணறும், புகையும், சில நேரம் நின்றே போகும். அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிற வண்டிகள் அவ்வளவாகக் கோபித்துக்கொள்ளாது. மீதியைக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதையெல்லாம் எழுதப் பொறுமை இல்லை.

இந்த விஷயத்தில் நான் முதலில் பட்டது இப்படி. வேலையில் பெயர் எடுக்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த காலம். கல்லூரி மாணவர் ஒருவர் வெளி வால்வைக் கையில் கொண்டுவந்து, “அண்ணே, நீங்க மாட்டுனாத்தான் மாட்டுவேன்” என்றார். புகழ்ச்சிக்கு மயங்கி மாட்டினேன். அன்று சாயங்காலமே வண்டி பெரிய சிக்னலில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த டவுன் பஸ் டிரைவர் இறங்கி வந்து அந்தப் பையன் பரம்பரையையே விசாரித்திருக்கிறார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பட்டறை வாசலில் எல்லோர் முன்னாலும் எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் மறுபக்கம் சாய்ந்தேன். யார் எதை மாட்டிக்கொண்டு வந்தாலும் கழற்றிவிட்டு, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கே கொண்டுபோவது என்று ஆனது. அதற்கு எங்கள் பட்டறையில் ஒரு வார்த்தை வைத்திருந்தோம்: பழையபடி ஆக்குவது. “அந்த வெள்ளை வண்டிய என்ன பண்ணணும்?” என்றால் “பழையபடி ஆக்கு” என்பேன். வேறு விளக்கம் தேவைப்படாது. நாளாக ஆக எனக்கே அது பட்டப்பெயராகிவிட்டது. “பழையபடி வந்துட்டாரா?” என்று என் காதுபடவே கேட்பார்கள். கோபம் வரும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

பாலக்கரையில் இருந்த அந்தப் பட்டறையின் முன்மேசையில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். வண்டி கொண்டுவருபவர்கள் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டு எழுதுவது அவர் வேலை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் என்ன சொன்னாரோ அதை அப்படியே அவர் வார்த்தையில் எழுதுவார். ‘காலையில வண்டிக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கு’ என்று ஒரு கார்டு வந்தது. நான் கார்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன்.

“என்னம்மா இது, டாக்டர் கிளினிக்கா நடத்துறோம்?”

“அவங்க அப்படித்தான் சொன்னாங்கண்ணே. அதுக்கு என்ன அர்த்தம்ங்கிறத நீங்க கண்டுபிடிங்க. நானே ஒரு அர்த்தத்த எழுதிட்டா, அப்புறம் அவங்க சொன்னது காணாமப் போயிடும்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்துவிட்டேன். தொழிலில் எனக்கு யாரிடமாவது பாடம் கேட்கக் கொடுத்துவைத்தது என்றால் அது அவரிடம்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், கையில் எப்போதும் ஒரு மடித்த துணிப்பை, பேச்சில் ஒரு சொல் அதிகமாக இருக்காது. அவருக்கு ஒரே மகன். மகன் ஒரு பழைய டர்போ பெட்ரோல் கார் வாங்கி, வெளியூரில் எங்கேயோ கொடுத்து வெளி வால்வு மாட்டியிருந்தான். அது நுழைவாயிலில் காற்றை அளக்கிற ரக வண்டி, சீறவும் செய்யும், திணறவும் செய்யும். ஆனால் அந்தப் பையனுக்கு அதை ஓட்டுகிற பதம் தெரியும்.

ஒரு நாள் வாத்தியார் மகனையும் வண்டியையும் எங்கள் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். முந்தைய நாள் வீதியில் பெருமாள் புறப்பாடு வந்துகொண்டிருந்தபோது மகன் திருப்பத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறான், வால்வு சீறியிருக்கிறது. கோஷ்டியில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

“இதக் கழட்டிடுங்கோ. இந்தச் சத்தம் இனிமே என் ஆத்து வாசல்ல கேக்கப்படாது” என்றார் வாத்தியார்.

மகன் சாவியைக் கொடுக்கவில்லை. “சத்தம் கேக்கக் கூடாதுன்னா நானும் அந்த வாசலுக்கு வரல. ரெண்டும் ஒண்ணுதான்” என்றான்.

நாங்கள் ஆறேழு பேர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். வாத்தியார் வெளியே போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, வண்டியை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு போனில் அம்மாவிடம் மட்டும் பேசுவான் என்று ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர் ஒருவர் மூலம் தெரிந்தது.

நாலு வருடம் கழித்து, அந்த வண்டியை வாத்தியாரே ஓட்டிக்கொண்டு வந்தார். நாலு வருடமும் பெரும்பாலும் நின்றே கிடந்த வண்டி. வால்வின் உள்ளே இருக்கிற பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தது. சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை. முன்மேசையில் போய் அவர் சொன்னது இதுதான்:

“பழையபடி ஆக்கிக் குடுங்கோ.”

அந்தப் பெண் அதை அப்படியே எழுதி அனுப்பினார். கார்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் வார்த்தையையே ஒருவர் வந்து சொல்கிறார், அதுவும் அன்றைக்கு அந்தச் சத்தத்தைத் திட்டிவிட்டுப் போன மனிதர். மகன் ஊரில் இல்லை, இப்போது நினைத்ததைச் செய்து முடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வரியை அடித்துவிட்டு ‘வெளி வால்வு நீக்கி கம்பெனி வால்வு மாட்டவும்’ என்று எழுதினேன். நானே மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று.

கழற்றிய சாமானை வண்டிக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது உங்களுக்கெல்லாம் நான் தொண்டை வற்றச் சொன்ன விதி. அன்று நான் அதைச் செய்யவில்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் அப்போது சர்வீசுக்கு வந்திருந்தார். அவர் வண்டி அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிற ரகம், வெளி வால்வு அதற்கு ஒத்துப்போகும். பல நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாருக்கு இந்தச் சனியன் எதற்கு என்று நினைத்து, பிஸ்டனைச் சுத்தம் செய்து அவர் வண்டியில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றக்கூட இல்லை.

மூன்றாம் நாள் வாத்தியார் திரும்பி வந்தார்.

“என்னமோ சரியா இல்லை.”

“என்ன சார், இழுப்பு இல்லையா?”

“இழுப்பு இருக்கு.”

“அப்புறம்?”

“பழையபடி இல்லை.”

எல்லாவற்றையும் பார்த்தேன். குழாய்கள், பிளக், சென்சார், ஒன்றிலும் குறை இல்லை. அனுப்பிவைத்தேன். அடுத்த நாளே மறுபடி வந்தார். அதே பேச்சு. என் முன்கோபம் உங்களுக்குத் தெரியும். “சார், கம்பெனியிலேருந்து வந்தப்ப கூட இந்த வண்டி இவ்வளவு நல்லா இருந்திருக்காது. இதுக்கு மேல பழையபடி ஆக்கணும்னா நீங்க தொழிற்சாலைக்குத்தான் போகணும்” என்று சொல்லிவிட்டேன். அவர் துணிப்பையைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகவும் இல்லை.

முன்மேசைப் பெண் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். அந்தப் பெண் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது.

“சார், பழையபடின்னா எப்ப இருந்த மாதிரி?”

வாத்தியார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் போறச்சே இருந்தா மாதிரி” என்றார்.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. மகன் வியாழக்கிழமை வருகிறான். பத்து நாள் லீவு. அம்மாவிடம் சொன்னானே தவிர இவரிடம் சொல்லவில்லை. இவர் விமான நிலையத்துக்கு அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

“வாயால கேக்கத் தெரியலை. முப்பது வருஷமா பசங்களத் திட்டியே பழக்கம். அந்தத் திருப்பத்துல அந்தச் சத்தம் ஒரு தடவை வந்துடுத்துன்னா அவனுக்குப் புரிஞ்சுடும்” என்றார்.

அந்தப் பெண் திரும்பி ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு குற்றச்சாட்டும் இல்லாத பார்வை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. போய் வாத்தியார் முன்னால் நின்றேன்.

“அந்த வால்வு இப்ப எங்க இருக்கு?” என்றார்.

“இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன் சார்.”

“அது அவனோடதாச்சே.”

சத்தம் போடவில்லை. அவ்வளவுதான் சொன்னார். எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், எல்லாம் குளித்தால் போய்விடும். இது இன்றுவரை போகவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. உடனே மண்ணச்சநல்லூருக்குக் கிளம்பினேன். ஆலை வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆலைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் முகம் மாறியது.

“ஏண்ணே, நாலு நாளுதான ஆச்சு. இப்பத்தான் ஊர்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.”

“அது குடுக்கிறதுக்கு எனக்கு உரிமை இல்லாத பொருளுங்க. கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். “எங்க வீட்டு நாய்கூட இந்தச் சத்தத்துக்கு என்னைப் பாத்துக் குலைக்குது. எடுத்துக்கங்க, போங்க” என்று அவரே பானட்டைத் திறந்தார். அவருடைய கம்பெனி வால்வை நான் சொன்ன விதிப்படி பத்திரமாக ஒரு அரிசிப் பைக்குள் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் விதி சொன்ன நான் அதை மதிக்கவில்லை, அவர் மதித்திருக்கிறார்.

புதன்கிழமை வாத்தியார் வண்டியில் அதை மறுபடி மாட்டினேன். சத்தம் வந்தது. கூடவே பழைய நோயும் வந்தது. டர்போ வேகத்தில் போய்க் காலைச் சட்டென்று எடுத்தால் நாலு தடவைக்கு ஒரு தடவை வண்டி நின்றது. இப்போது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுபதை நெருங்குகிற மனிதர். பைபாஸில் லாரிகளுக்கு நடுவே ஓட்டப் போகிறார். மகனைப் பார்க்கிற பதற்றம் வேறு. ‘முடியாது சார்’ என்று சொல்வதுதான் தொழில் தர்மம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நடுரோட்டுல நின்னுடும் சார்” என்றேன்.

“காலை எடுக்காமலே ஓட்டறேன்” என்றார். கணக்கு வாத்தியார் சொல்கிற பேச்சா அது?

அவர் கேட்டது வால்வு அல்ல என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. ஆனால் அதற்காக அவரை ஆபத்தில் விட முடியாது. வண்டி ஆபத்தில்லாமல் போக வேண்டும், சத்தமும் வர வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருந்தது. காலை மெதுவாக எடுத்தால் சத்தம் வராது, வண்டியும் நிற்காது. வேண்டிய இடத்தில் மட்டும் சட்டென்று எடுக்க வேண்டும். அந்தப் பதம் அவருக்கு வராது.

“நாளைக்கு நான் ஓட்டுறேன் சார். நீங்க பின்னாடி அவரோட உக்காருங்க” என்றேன்.

வியாழக்கிழமை மதியம் விமான நிலையத்தில் பையன் தள்ளுவண்டியோடு வெளியே வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் தயங்கி, பிறகு வண்டியைப் பார்த்தான்.

“சாப்டியா?” என்றார் வாத்தியார்.

“ஆச்சு.”

வழியெல்லாம் அவ்வளவுதான் பேச்சு. பைபாஸில் நான் முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி ஓட்டினேன். ஒருமுறைகூட வண்டி சீறவில்லை. காவிரிப் பாலம் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். பையன் ஜன்னல் வழியாக மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி சத்தமில்லாமல் போவதை அவன் கவனித்துவிட்டான் என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கழற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். வாத்தியார் துணிப்பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நாலில் ஒரு தடவை வண்டி நின்றுவிடும் என்பது போக, அந்தப் பிஸ்டன் மறுபடி இறுகி, சத்தமே வராமல் போகவும் வழி உண்டு. எத்தனையோ எஞ்சினை இறக்கி ஏற்றியிருக்கிறேன். இப்படிப் பயந்ததில்லை.

சித்திரை வீதி அந்த நேரத்தில் காலியாக இருந்தது. வெயிலில் ஒரு மாடுகூட இல்லை. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். டர்போ எழுந்தது. திருப்பத்துக்கு முன்னால் காலைச் சட்டென்று எடுத்தேன்.

ப்ஷ்ஷ்.

வண்டி உடனே நின்றுவிட்டது. வாசலுக்கு இன்னும் ஐந்தாறு வீடு பாக்கி. சாவியைத் திருப்பினேன், திணறிக்கொண்டே அடங்கியது. மானம் போன மாதிரி இருந்தது எனக்கு.

“இதக் கழட்டலியாப்பா நீ?” என்றான் பையன்.

“இல்லை. பழையபடிதான் இருக்கு” என்றார் வாத்தியார்.

கதவு திறந்தது. பையன் இறங்கிப் பின்னால் போனான். மறுபக்கக் கதவும் திறந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கியில் கைவைத்து நிற்கிறார்.

“அப்பா, நீ விடு. நான் தள்றேன்.”

“இருக்கட்டும்டா. ரெண்டு பேருமா தள்ளினா சீக்கிரம் ஆத்துக்கு வந்துடலாம்.”

நான் வண்டியை நியூட்ரலில் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வண்டி மெல்ல நகர்ந்தது. பின்னால் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. சத்தம் கேட்டதும் வெளியே வந்திருந்த வாத்தியார் வீட்டு மாமி, கையில் கரண்டியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் ஓட்டிய வண்டி நடுத்தெருவில் நின்றதற்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

பையன் வெளிநாட்டுக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் பட்டறைக்கு வந்தான்.

“அண்ணே, பழையபடி ஆக்கிடுங்க” என்றான்.

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்தேன்.

“எப்ப இருந்த மாதிரி, தம்பி?”

முன்மேசையில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“கம்பெனிலேருந்து வந்தப்ப இருந்த மாதிரிண்ணே. இனிமே அப்பாதான் ஓட்டப் போறார். பாலத்துல நின்னுடுச்சுன்னா அங்கேருந்து நான் என்ன பண்ண முடியும்?” என்றான். கம்பெனி வால்வை மாட்டினேன். கழற்றியதைத் துடைத்து அவன் கையிலேயே கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆக முடிவில் அந்த வண்டியில் இருப்பது நான் முதல் நாளே மாட்டிய அதே வால்வுதான். அப்படியானால் நான் செய்தது சரிதானே என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். நானும் சில நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இல்லை. வால்வு சரி, நான் செய்தது தப்பு. அவர் எதைக் கேட்டார் என்று கேட்காமலே பதிலை மாட்டி அனுப்பினேன். வண்டிக்கு எது நல்லது என்பதை நாம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை வண்டிக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன வார்த்தையைக் கார்டில் அடிக்காதீர்கள், பக்கத்தில் உங்கள் வார்த்தையை எழுதிக்கொள்ளுங்கள்.

இதை அந்த முன்மேசைப் பெண்ணிடம் நான் சொன்னதே இல்லை. அடுத்த வருடமே அவர் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி, அவரும் போய்விட்டார். கடைசி நாள் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். நான் “போயிட்டு வாம்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் எனக்கு எது இல்லாமல் போனது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டால் ஸ்பேனரோ கிரீஸ் வாசனையோ அல்ல. என் கையிலிருக்கும் கார்டைப் பார்த்துவிட்டு ‘அவங்க அப்படியா சொன்னாங்கண்ணே?’ என்று ஒருவர் கேட்பது எனக்கு வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு வேலையாக ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அம்மா மண்டபம் பக்கம் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. அதே வண்டி. வாத்தியார் கதவைத் திறந்து விட்டார். “ஆத்துக்கு வந்து ஒரு வாய் மோர் சாப்ட்டுப் போங்கோ” என்றார். மகன் அடுத்த தையில் வருவதாகச் சொன்னானாம், இப்போது இவரிடமும் பேசுகிறானாம். நிதானமாக, நல்ல பதத்தோடு ஓட்டினார். வண்டியில் ஒரு முனகல் இல்லை.

சித்திரை வீதித் திருப்பம் வந்தது. அவர் காலை எடுத்தார். கம்பெனி வால்வு காற்றைச் சத்தமில்லாமல் உள்ளே வாங்கிக்கொண்டது. ஆனால் ‘ப்ஷ்ஷ்’ என்று மெல்ல ஒரு சத்தம் கேட்டது.

இத்தனை வருடப் பழக்கம், என் கை தானாக டேஷ்போர்டுக்குப் போயிற்று. குழாய் விட்டுப்போய்விட்டதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். உதடு இன்னும் குவிந்திருந்தது.

“வண்டில ஒண்ணும் இல்லை. அது அடியேன் போட்ட சத்தம்” என்றார்.